ஜெர்மனியில் முதல் 100 நாள்: வீடு முதல்ல, வேலை அப்புறம்



போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு அப்பா நமக்கு மெயில் போட்டிருந்தார். நாமக்கல் பக்கம். பையனுக்கு ஜெர்மனியில, மியூனிக் நகரத்துல மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்கு. மெயில்ல இருந்தது இவ்வளவுதான்: "ரூம் கிடைச்சிருச்சு சார். மாசம் 380 யூரோ. ஓனர் லண்டன்ல இருக்காராம். ரெண்டு மாச அட்வான்ஸ் 760 யூரோ அனுப்பிட்டோம். சாவியை கூரியர்ல அனுப்பணும்னா இன்னொரு 380 வேணுமாம். அனுப்பலாமா?"

"அனுப்பாதீங்க"ன்னு உடனே பதில் போட்டோம். ஆனா அந்த 760 யூரோ போனது போனதுதான். நம்ம பணத்துக்கு சுமார் 76,000 ரூபாய். லோன் போக மீதிக்கு நகையை அடகு வெச்சு சேர்த்த பணம் அது. பையன் போய் இறங்கி முதல் மாசத்தைத் தள்ளறதுக்குன்னு எடுத்து வெச்சது.

அதுக்கு அப்புறம் இதே மாதிரி நிறைய கேள்விகள் வந்தன. எல்லாமே ரெண்டு வகைதான். ஒண்ணு, "ரூம் எப்படிப் பிடிக்கறது?" இன்னொண்ணு, "பார்ட் டைம் வேலை பார்த்து லோனைக் கட்டிடலாமா?" கேட்கும்போது ரெண்டும் தனித்தனி கேள்வி மாதிரி தெரியும். ஜெர்மனியில ரெண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். வீடு சரியா அமையலைன்னா வேலையும் சம்பளமும் தள்ளிப் போகும். அந்தச் சங்கிலியைத்தான் இன்னைக்கு ஒவ்வொரு கண்ணியா பார்க்கப் போறோம்.

ஒரு சின்ன விஷயம். கீழே இருக்கிற தொகைகள் 2026 நிலவரப்படி. கணக்கு போட வசதியா 1 யூரோ = 100 ரூபாய்னு வெச்சுக்கலாம்.

ப்ளாக்டு அக்கவுண்ட் இருக்கே, போதாதா?

ஜெர்மனி ஸ்டூடண்ட் விசாவுக்கு, ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டணும். நம்ம பிள்ளைகள் பெரும்பாலும் ப்ளாக்டு அக்கவுண்ட் மூலமாத்தான் காட்டறாங்க. 2024 செப்டம்பர்ல இருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாய். இதை மொத்தமா எடுக்க முடியாது. மாசம் 992 யூரோதான் உங்க கைக்கு வரும்.

பெரும்பாலான குடும்பங்கள் தப்பு பண்ற இடம் இதுதான். "12 லட்சம் அங்க போட்டாச்சு, இனி ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை"ன்னு நினைச்சுடறாங்க. நடுத்தரமான ஒரு நகரத்துல மாசச் செலவு எப்படி இருக்கும்னு பாருங்க:

- ஷேரிங் வீட்டுல ஒரு ரூம், எல்லாம் சேர்த்து: 430 யூரோ
- ஸ்டூடண்ட் ஹெல்த் இன்ஷூரன்ஸ்: சுமார் 145 யூரோ
- சமைச்சு சாப்பிட்டா மளிகை, காய்கறி: 200 யூரோ
- செமஸ்டர் கட்டணம் 300 யூரோன்னு வெச்சா மாசத்துக்கு: 50 யூரோ
- போன், இன்டர்நெட் பங்கு: 25 யூரோ
- ரேடியோ, டிவி கட்டணத்துல உங்க பங்கு: 6 யூரோ
- துணிமணி, மருந்து, மத்தது: 60 யூரோ

மொத்தம் 916 யூரோ. 992-ல 76 யூரோ மிஞ்சும். சிக்கனமா இருந்தா மாசம் ஓடும்.

இதுல வாடகை ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. மோசஸ் மெண்டல்சோன் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட கணக்குப்படி, 2024-25 குளிர்கால செமஸ்டர்ல ஷேரிங் வீட்டு ரூமோட சராசரி வாடகை 489 யூரோ. மியூனிக்ல மட்டும் 790 யூரோ. அந்த 790-ஐ மேலே இருக்கிற கணக்குல போட்டா மொத்தம் 1,276 ஆயிடும். மாசாமாசம் 284 யூரோ துண்டு விழும். அதாவது 28,400 ரூபாய்.

அதனால யுனிவர்சிட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ரேங்கிங் பார்க்கிற மாதிரி அந்த ஊர் வாடகையையும் பாருங்க. கிழக்குப் பகுதியில கெம்னிட்ஸ் மாதிரி ஊர்கள்ல 300 யூரோ அளவுல ரூம் கிடைக்கும். அதே ரெண்டு வருஷப் படிப்புக்கு மியூனிக்கோட ஒப்பிட்டா வாடகையில மட்டும் 11 லட்சத்துக்கு மேல வித்தியாசம் வருது. ஃபீஸ் இல்லாத படிப்புன்னு சந்தோஷப்படறோம், வாடகையில கோட்டை விட்டுடறோம்.

போய் இறங்கின உடனே எவ்வளவு வேணும்?

முதல் 992 யூரோ நீங்க இறங்கின அன்னைக்கே வராது. அங்க ஒரு பேங்க் அக்கவுண்ட் திறக்கணும், அதை ப்ளாக்டு அக்கவுண்ட்டோட இணைக்கணும். அதுக்கு சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஆனா செலவு ஏர்போர்ட்லயே ஆரம்பிச்சிடும்.

- ரூம் கிடைக்கிற வரைக்கும் ஹாஸ்டல், 14 நாள்: 490
- ரூம் அட்வான்ஸ்: 990
- முதல் மாச வாடகை: 430
- செமஸ்டர் கட்டணம்: 300
- முதல் மாச இன்ஷூரன்ஸ்: 145
- ரெசிடன்ஸ் பர்மிட் கட்டணம்: சுமார் 100
- போர்வை, பாத்திரம், குளிர் ஜாக்கெட், சிம்: 250
- முதல் மாச சாப்பாடு, போக்குவரத்து: 250

கூட்டினா 2,955 யூரோ. அதனால ப்ளாக்டு அக்கவுண்ட்டுக்கு வெளியே, தனியா 3,000 யூரோ உங்க கையில இருக்கணும். கொஞ்சம் கேஷ், மீதி ஃபாரெக்ஸ் கார்டு. லோன் அப்ளை பண்ணும்போதே இந்த 3 லட்சத்தையும் சேர்த்துக் கேளுங்க. அப்புறம் அவசரத்துக்கு நகைக்கடன், கைமாத்துன்னு ஓட வேண்டியிருக்காது. அந்த நாமக்கல் குடும்பம் இழந்த 760 யூரோ சரியா இந்தப் பணத்துல இருந்து போனது. அதனாலதான் அந்த அடி அவ்வளவு பலமா விழுந்தது.

அட்ரஸ்தான் முதல் சாவி

நம்ம ஊர்ல வீடு மாறினா ரேஷன் கார்டு பழைய அட்ரஸ்லயே பத்து வருஷம் இருக்கும். யாரும் கேட்க மாட்டாங்க. ஜெர்மனியில வீட்டுக்குக் குடிபோன 2 வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்துல பதிவு பண்ணணும். இது சட்டம். இதுக்குப் பேர் அன்மெல்டுங். பதிவு பண்ண பாஸ்போர்ட் மட்டும் பத்தாது. "இவர் என் வீட்டுல குடியிருக்கார்"னு வீடு குடுத்தவர் கையெழுத்து போட்ட ஒரு ஃபார்மும் வேணும்.

இதுக்குப் பின்னாடி வரிசையா என்னென்ன வருதுன்னு பாருங்க:

1. பதிவு முடிஞ்சா, சில வாரத்துல 11 இலக்க வரி எண் தபால்ல வரும்.
2. வேலைக்குச் சேரும்போது கம்பெனி அந்த வரி எண்ணைக் கேட்கும். குடுக்கலைன்னா அதிகபட்ச வரி வகுப்புல போட்டு சம்பளத்தைப் பிடிக்கலாம்.
3. ரெசிடன்ஸ் பர்மிட்டுக்கு அப்ளை பண்ணவும் பதிவுச் சான்று வேணும். நீங்க வந்த விசா சில மாசத்துக்குத்தான்.
4. பல பேங்க்ல அக்கவுண்ட் திறக்கவும் இதைக் கேட்பாங்க.

ஆக, பதிவு பண்ண முடியாத ரூம் எவ்வளவு மலிவா இருந்தாலும் அது வெறும் படுக்கிற இடம்தான். ரூம் பார்க்கும்போது வாடகைக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இங்க அன்மெல்டுங் பண்ண முடியுமா?" முடியாதுன்னு சொன்னா, அது முதல் ரெண்டு மூணு வாரத்துக்கான தற்காலிக இடம்னு மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

சிலர் "வீடு வேண்டாம், அட்ரஸ் மட்டும் தர்றோம், 200 யூரோ குடு"ம்பாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. குடியிருக்காத அட்ரஸ்ல பதிவு பண்றது சட்டவிரோதம். அபராதம் உண்டு. ரெசிடன்ஸ் பர்மிட் நேரத்துல அது தலைவலியா வந்து நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா நிறைய பேர் இதுல மாட்டியிருக்காங்க. குடிபோன அன்னைக்கே வீட்டு லெட்டர் பாக்ஸ்ல உங்க பேரை எழுதி ஒட்டுங்க. அங்க தபால்காரர் பேரைப் பார்த்துத்தான் போடுவார். பேர் இல்லைன்னா வரி எண், பேங்க் கார்டு, இன்ஷூரன்ஸ் கடிதம் எல்லாம் திரும்பிப் போயிடும். ஒரு துண்டு பேப்பரும் டேப்பும் ஒரு மாச அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ரூம் எங்க தேடறது?

முதல் கதவு, ஸ்டூடண்ட் டார்ம். ஒவ்வொரு பகுதியிலயும் ஸ்டுடீரெண்டன்வெர்க்னு ஒரு மாணவர் நல அமைப்பு இருக்கும். யுனிவர்சிட்டி கேண்டீன், ஹாஸ்டல் எல்லாம் அவங்க பொறுப்புதான். வாடகை பல ஊர்கள்ல 250-ல இருந்து 400 யூரோவுக்குள்ள அடங்கும். கரண்ட், இன்டர்நெட் எல்லாம் பெரும்பாலும் அதுலயே சேர்ந்திருக்கும், பதிவுக்கும் பிரச்சினை இல்லை. ஆனா வெயிட்டிங் லிஸ்ட் நீளமா இருக்கும். பெரிய நகரங்கள்ல ரெண்டு மூணு செமஸ்டர்கூட ஆகலாம். அதனால அட்மிஷன் லெட்டர் வந்த அன்னைக்கே அப்ளை பண்ணுங்க. சில இடத்துல அட்மிஷனுக்கு முன்னாடியே பேர் போட்டு வைக்கலாம். விசா வரட்டும்னு காத்திருக்காதீங்க. இப்போ கிடைக்கலைன்னாலும் லிஸ்ட்ல பேர் இருக்கட்டும், அடுத்த வருஷம் உதவும்.

ரெண்டாவது கதவு, ஷேரிங் வீடு. அங்க இதை வேகேன்னு சொல்வாங்க. மூணு நாலு பேர் ஒரே வீட்டுல, ஆளுக்கு ஒரு ரூம், கிச்சனும் பாத்ரூமும் பொது. வேகே-கெசுக்ட்ங்கிற தளத்துலதான் அதிகமா விளம்பரம் வரும். இங்க ஓனரைவிட ஏற்கெனவே குடியிருக்கிறவங்கதான் பெரும்பாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பாங்க. கிட்டத்தட்ட பொண்ணு பார்க்கிற மாதிரி, கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசுவாங்க.

"ஐ ஆம் இன்ட்ரஸ்டட், ப்ளீஸ் ரிப்ளை"ன்னு ஒரே மெசேஜை நூறு பேருக்கு அனுப்பினா ஒருத்தரும் பதில் போட மாட்டாங்க. விளம்பரத்தை முழுசா படிச்சு, அதுல இருந்து ஒரு விஷயத்தைத் தொட்டு எழுதுங்க. என்ன படிக்கிறீங்க, எப்போ வர்றீங்க, எவ்வளவு நாள் இருப்பீங்க, உங்க பழக்கவழக்கம் என்ன, வாடகை எங்கிருந்து வரும்னு எட்டுப் பத்து வரி போதும். முதல் ரெண்டு வரி ஜெர்மன்ல இருந்தா நல்லது. நல்லா எழுதினாலும் முப்பது நாற்பது மெசேஜுக்கு ஒண்ணு ரெண்டு பேர்தான் கூப்பிடுவாங்க. மனசு விட்டுடாதீங்க, அங்க எல்லாருக்கும் அப்படித்தான்.

மூணாவது கதவு, இடைக்கால வாடகை. யாராவது இன்டர்ன்ஷிப்புக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போகும்போது தன் ரூமை மூணு, ஆறு மாசத்துக்கு உள்வாடகைக்கு விடுவாங்க. புதுசா போறவங்களுக்கு இதுதான் நடைமுறையில சீக்கிரம் கிடைக்கிற வழி. சாமான் எல்லாம் ரூம்லயே இருக்கும். ஆனா ரெண்டு விஷயம் உறுதி பண்ணிக்கணும்: அசல் ஓனர் அனுமதி குடுத்திருக்காரா, பதிவு பண்ண ஃபார்ம் கிடைக்குமா.

ஊருக்கு வெளியேயும் தேடுங்க. லோக்கல் ரயில்ல அரை மணி நேரம் தள்ளிப் போனா வாடகை குறையும். செமஸ்டர் டிக்கெட்ல அந்த ரயில் அடங்குதான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்குங்க.

ஏமாத்தறவங்களை எப்படிக் கண்டுபிடிக்கறது?

நாமக்கல் குடும்பத்துக்கு வந்த மெசேஜை நாங்க திரும்பப் படிச்சோம். அத்தனை அறிகுறியும் அதுலயே இருந்தது.

- மியூனிக் நகரத்துக்குள்ள தனி வீடு, 380 யூரோவுக்கு. அந்த ஊர் ரூம் வாடகையில பாதிகூட இல்லை.
- ஓனர் வெளிநாட்டுல இருக்கார், வீட்டைக் காட்ட ஆள் இல்லை.
- சாவி கூரியர்ல வரும்.
- "இன்னும் ரெண்டு பேர் கேட்கிறாங்க, இன்னைக்கே அனுப்புங்க"ன்னு அவசரம்.
- நம்பிக்கைக்காகன்னு பாஸ்போர்ட் காப்பி அனுப்பறாங்க. அது வேற யார்கிட்டயோ ஏமாத்தி வாங்கின பாஸ்போர்ட்டா இருக்கலாம். உங்க காப்பியைக் குடுத்தா, அடுத்த ஆளை ஏமாத்த உங்க பேர் போகும்.

விதி ஒண்ணே ஒண்ணுதான். நீங்களோ, உங்க நம்பிக்கையான ஒருத்தரோ வீட்டுக்குள்ள கால் வைக்காம ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. உங்க யுனிவர்சிட்டியில இந்திய மாணவர் குழு, தமிழ் மாணவர் குழு இருந்தா சேர்ந்துக்குங்க. ஒரு சீனியர் நேர்ல போய் வீடியோ கால்ல காட்டினா போதும். அவருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் குடுங்க. ஆயிரம் ரூபாய் செலவுல 76,000 ரூபாய் காப்பாத்தலாம். டார்ம் மட்டும் விதிவிலக்கு. அங்க நேரா அந்த அமைப்போட அதிகாரப்பூர்வத் தளத்துல கான்ட்ராக்ட் வரும்.

கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

வாடகை ரெண்டு வகையா எழுதியிருப்பாங்க. கால்ட்மீட்டென்னா வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டென்னா அதோட ஹீட்டிங், தண்ணி, குப்பை மாதிரியான செலவும் சேர்ந்தது. விளம்பரத்துல சின்ன தொகையைப் பார்த்து ஏமாறாதீங்க, வார்ம் எவ்வளவுன்னு கேளுங்க. அதுலயும் கரண்ட், இன்டர்நெட் சேர்ந்திருக்கான்னு தனியா கேளுங்க. ஹீட்டிங் அதிகமா ஓட்டினா வருஷக் கடைசியில கூடுதல் பில் வரலாம்ங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும்.

அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாச கால்ட் வாடகைதான். அதுக்கு மேல கேட்க சட்டத்துல இடமில்லை. அதையும் மூணு மாசத் தவணையா கட்ட வாடகைதாரருக்கு உரிமை இருக்கு. முதல் தவணை குடிபோகும்போது, மத்த ரெண்டும் அடுத்தடுத்த மாச வாடகையோட. மேலே நம்ம கணக்குல 990-ன்னு போட்டோமே, அதைத் தவணையா கட்டினா முதல் நாள்ல 330 போதும்.

ப்ரோக்கர் கமிஷன் விஷயத்துல நம்ம ஊர் பழக்கத்தை அங்க கொண்டு போகாதீங்க. 2015-ல வந்த சட்டப்படி வாடகை வீட்டுக்கு ப்ரோக்கரை யார் ஏற்பாடு பண்ணாங்களோ அவங்கதான் கமிஷன் குடுக்கணும். ஓனர் வெச்ச ப்ரோக்கருக்கு நீங்க பணம் தர வேண்டியதில்லை.

குடிபோற அன்னைக்கு சுவர், தரை, ஜன்னல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு மெயில் பண்ணிடுங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸ் முழுசா திரும்ப வர இதுதான் உங்க சாட்சி.

ரேடியோ, டிவி கட்டணம்னு ஒரு கடிதம் வரும். மாசம் 18.36 யூரோ. டிவி இல்லைன்னாலும் கட்டணும். ஆனா ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். வீட்டுல வேற யாராவது ஏற்கெனவே கட்டினா, அவங்க நம்பரைக் குடுத்துட்டு பங்கு போட்டுக்கலாம். கடிதத்தைக் குப்பையில போட்டா அபராதத்தோட திரும்பி வரும்.

இப்போ வேலைக்கு வருவோம்

2024 மார்ச்ல இருந்து வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 4 மணி நேரம் வரைக்கும் அரை நாள். யுனிவர்சிட்டிக்குள்ளயே ப்ரொஃபசர்கிட்ட உதவியாளரா பார்க்கிற வேலை இந்த நாள் கணக்குல வராது. செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள்ள இருக்கிறது முக்கியம். அதைத் தாண்டினா மாணவருக்கான இன்ஷூரன்ஸ் சலுகை போகலாம்.

குறைந்தபட்ச சம்பளம் 2026-ல மணிக்கு 13.90 யூரோ. இது சட்டம், மாணவனா இருந்தாலும் இதுதான். இதுக்குக் கீழே குடுத்தா அந்த இடம் சரியில்லைன்னு அர்த்தம்.

வேலை ரெண்டு வடிவத்துல வரும்.

மினிஜாப்: மாசம் 603 யூரோ வரைக்கும். மணிக்கு 13.90-ன்னா மாசம் சுமார் 43 மணி நேரம், வாரத்துக்கு 10. பென்ஷன் பிடித்தம் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா பெரும்பாலும் முழுத் தொகையும் கைக்கு வரும்.

வெர்க்ஸ்டூடெண்ட்: படிப்புக்குச் சம்பந்தமான கம்பெனி வேலை, வாரம் 20 மணி நேரம் வரை. குறைந்தபட்ச சம்பளத்துலயே மாசம் சுமார் 1,200 யூரோ. பென்ஷனுக்கு 9.3 சதவீதம் பிடிப்பாங்க, கையில 1,090 அளவுக்கு வரும். 2026-ல வருஷத்துக்கு 12,348 யூரோ வரைக்குமான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதைத் தாண்டி பிடிச்சிருந்தாலும் வருஷ முடிவுல ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்க வாய்ப்பு இருக்கு.

முதல் செமஸ்டர்ல வெர்க்ஸ்டூடெண்ட் வேலை கிடைக்கிறது கஷ்டம். பல கம்பெனிகள் ஜெர்மன் பி1, பி2 அளவுல கேட்பாங்க. ஆரம்பத்துல கிடைக்கிறது கிடங்குல பார்சல் பிரிக்கிறது, சூப்பர் மார்க்கெட்ல சாமான் அடுக்கறது, ஹோட்டல் கிச்சன், க்ளீனிங். சாப்பாட்டைக் கையாளற வேலைன்னா முதல்ல சுகாதாரத் துறையோட ஒரு சின்ன வகுப்பை முடிச்சு சான்றிதழ் வாங்கணும். இதைத் தெரிஞ்சு முன்னாடியே வாங்கி வெச்சவங்களை கடைக்காரங்க சீக்கிரம் எடுத்துக்குவாங்க.

தவிர்க்க வேண்டியது மூணு:

- கையில கேஷ், கான்ட்ராக்ட் கிடையாது. பதிவு இல்லாத வேலையில சம்பளம் குடுக்காம விட்டா கேட்க உங்ககிட்ட ஆதாரம் இருக்காது. மாட்டினா பர்மிட்டுக்கும் ஆபத்து.
- ஃப்ரீலான்ஸ். ஸ்டூடண்ட் பர்மிட்ல தனி அனுமதி இல்லாம சுயதொழில் பண்ண முடியாது. உணவு டெலிவரி பண்ணலாம், ஆனா கம்பெனி ஊழியரா கான்ட்ராக்ட் இருக்கணும். இந்தியக் கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸா வெப்சைட் பண்ணித் தர்றதும் இந்த வகைதான்.
- அடுத்தவர் ஐடியில வேலை. "என் அக்கவுண்ட்ல நீ ஓட்டு, பாதி தர்றேன்"னு யார் சொன்னாலும் வேண்டாம்.

லோன் கட்டிடலாமா? கணக்கைப் பார்ப்போம்

அக்டோபர்ல போறீங்க. வீடு, பதிவு, வரி எண், கிளாஸ், முதல் பரீட்சை. நடைமுறையில பிப்ரவரி வாக்குலதான் பலருக்கு வேலை அமையுது. பிப்ரவரியில இருந்து செப்டம்பர் வரை 8 மாசம், மினிஜாப் 603 யூரோ. முதல் வருஷ வருமானம் 4,824 யூரோ.

வீட்டுல 15 லட்சம் லோன், 10 சதவீத வட்டின்னு வெச்சுக்குங்க. வட்டி மட்டும் மாசம் 12,500 ரூபாய், அதாவது 125 யூரோ. பத்து வருஷ இஎம்ஐ-யா கட்டினா மாசம் சுமார் 19,800 ரூபாய். பெரும்பாலான எஜுகேஷன் லோன்ல படிப்பு முடிஞ்சு ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சுத்தான் இஎம்ஐ தொடங்கும். ஆனா வட்டி முதல் நாள்ல இருந்து ஏறிக்கிட்டே இருக்கும். ரெண்டரை வருஷம் ஒண்ணுமே கட்டலைன்னா 3.75 லட்சம் வட்டி அசலோட சேர்ந்துடும்.

அதனால சம்பளத்தைப் பிரிக்கிறதுக்கு இந்த வரிசையை வெச்சுக்குங்க:

1. முதல்ல மாச வாடகையில விழற துண்டை அடைக்கணும்.
2. அடுத்து, போன புதுசுல கரைஞ்ச அந்த 3,000 யூரோவைத் திரும்பச் சேர்க்கணும். ரெண்டாம் வருஷத்துக்கு பர்மிட் நீட்டிக்கும்போது மறுபடி பணம் காட்டணும்ங்கிறதையும் மறக்காதீங்க.
3. மூணாவதா, லோன் வட்டி 125 யூரோ.

மூணும் முடிஞ்சு மீதி இருந்தா அசல். இல்லைன்னா பரவாயில்லை, அசல் முழுநேர வேலை கிடைச்ச பிறகு கட்டறதுக்குத்தான்.

இப்போ எல்லாத்தையும்விட முக்கியமான கணக்கு. கூடுதல் ஷிஃப்ட் பார்த்து பரீட்சை போய், படிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப்போனா என்ன செலவு? ஆறு மாசம் × 992 = 5,952 யூரோ. கிட்டத்தட்ட 6 லட்சம் ரூபாய். இதைக் குறைந்தபட்ச சம்பளத்துல சம்பாதிக்க 428 மணி நேரம் உழைக்கணும். மினிஜாப் வேகத்துல 10 மாசம். இது போக, அந்த ஆறு மாச முழுநேரச் சம்பளமும் தள்ளிப் போகுது. பரீட்சை வாரத்துல ஒரு ஷிஃப்ட்டுக்கு 110 யூரோ கிடைக்கும்னு போறதுக்கு முன்னாடி இந்த 5,952-ஐ ஒரு தடவை நினைச்சுக்குங்க.

மிச்ச நேரத்துல ஜெர்மன் கத்துக்குங்க. கிடங்கு வேலையில இருந்து வெர்க்ஸ்டூடெண்ட் வேலைக்கு மாறினா கைக்கு வர்றது மாசம் 603-ல இருந்து 1,090. அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் மொழிதான்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

கிளம்பறதுக்கு முன்னாடி டார்ம் வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் போட்டான். முதல் ரெண்டு வாரம் ஒரு சீனியர் ரூம்ல தரையில படுத்தான். அப்புறம் டாஹாவ் பக்கம், ரயில்ல வந்து போற தூரத்துல, நாலு மாசத்துக்கு உள்வாடகை ரூம் ஒண்ணு கிடைச்சது. 560 யூரோ, பதிவோட. மாசம் 54 யூரோ துண்டு விழுந்தது. வீட்டுல இருந்து இன்னொரு லட்சம் அனுப்ப வேண்டி வந்தது. பிப்ரவரியில கிடங்கு ஒண்ணுல மினிஜாப். அவன் எழுதின முதல் செமஸ்டர் பரீட்சை எல்லாமே பாஸ்.

போன மாசம் அவங்க அப்பா மறுபடி மெயில் போட்டிருந்தார். ரொம்ப எழுதலை. "இந்த மாச வட்டியை அவனே அனுப்பிட்டான் சார். நகையை ஒவ்வொண்ணா மீட்டுக்கிட்டு வர்றோம்."

உங்க வீட்டுல யாராவது இந்த வருஷம் கிளம்பறாங்கன்னா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி உட்கார்ந்து இதை மட்டும் டிக் பண்ணிப் பாருங்க:

- டார்ம் லிஸ்ட்ல பேர் போட்டாச்சா?
- தனியா 3,000 யூரோ இருக்கா?
- முதல் ரெண்டு வாரம் தங்க இடம் உறுதியா?
- வீட்டை நேர்ல போய் பார்க்க ஒரு சீனியர் நம்பர் இருக்கா?
- வேலை இல்லாம நாலு மாசம் ஓட்ட கணக்கு போட்டாச்சா?

அஞ்சுக்கும் "ஆமாம்"னா நிம்மதியா கிளம்புங்க. ஏதாவது ஒண்ணுக்கு "இல்லை"ன்னா, எந்த ஊர், எந்த மாசம் போறீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, சேர்ந்து கணக்கு போடுவோம். இதே கணக்கை ஷீட் போட்டு விளக்கற வீடியோ நம்ம சேனல்ல வரும்.